வசூல் நிறுவனத்தின் கையில் மருத்துவக் கடன்

அமெரிக்காவில் வீட்டுக்கோ காருக்கோ கடன் வாங்குபவர், தொகை, வட்டி, தவணை மூன்றும் தாளில் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்த பிறகே கையெழுத்திடுகிறார். மருத்துவக் கடன் அப்படிப் பிறப்பதில்லை. மார்வலியோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவர், தமக்கு என்னென்ன செய்யப்போகிறார்கள், அதற்கு எவ்வளவு ஆகும் என்று எதுவும் தெரியாமலேயே சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்திடுகிறார். விலை சில வாரங்கள் கழித்துத்தான் தெரியவருகிறது, அதுவும் ஒரே உறையில் வராமல், மருத்துவமனையின் பில் ஒன்று, மருத்துவர் குழுவின் பில் ஒன்று, ஸ்கேன் பார்த்தவரின் பில் ஒன்று, ஆம்புலன்ஸ் நிறுவனத்தின் பில் ஒன்று என்று தனித்தனியாக வந்து சேருகிறது. 1986ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று, பணம் இருக்கிறதா என்று பார்த்து அவசர நோயாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது, அவரைப் பரிசோதித்து உடல்நிலையை நிலைப்படுத்த வேண்டும் என்று மருத்துவமனைகளைக் கட்டாயப்படுத்துகிறது. ஆனால் அந்தச் சிகிச்சைக்குப் பின்னர் பில் அனுப்புவதை அது தடுக்கவில்லை. ஆகவே சிகிச்சை உறுதி, விலை மட்டும் பிற்பாடு என்ற ஏற்பாட்டில்தான் அந்நாட்டின் மருத்துவக் கடனில் பெரும்பகுதி உண்டாகிறது.

அதன் அளவும் சிறியதன்று. கே.எஃப்.எஃப். என்னும் சுகாதாரக் கொள்கை ஆய்வு நிறுவனம் 2021ஆம் ஆண்டுக்கான அரசுக் கணக்கெடுப்பை ஆராய்ந்து, அமெரிக்கர்களின் மருத்துவக் கடன் குறைந்தது 22,000 கோடி டாலர் என்றும், ஏறக்குறைய 2 கோடி பெரியவர்கள் அதைச் சுமக்கிறார்கள் என்றும், அவர்களில் சுமார் 30 லட்சம் பேர் தலைக்கு 10,000 டாலருக்கு மேல் கடன்பட்டிருக்கிறார்கள் என்றும் கணக்கிட்டது. நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் 2022இல் வெளியிட்ட அறிக்கையோ, கடன் வரலாற்று அறிக்கைகளில் பதிவாகியிருந்த மருத்துவக் கடன் மட்டும் 8,800 கோடி டாலர் என்றது. அந்த அறிக்கைகளில் அப்போது இருந்த வசூல் பதிவுகளில் கிரெடிட் கார்டு, தொலைபேசி, வாடகை பாக்கிகள் அனைத்தையும் கூட்டினாலும் அவற்றைவிட மருத்துவப் பாக்கியே அதிகமாக, அதாவது 58 விழுக்காடாக இருந்தது. காப்பீடு உள்ளவர்களும் இந்தக் கணக்கில் அடக்கம் என்பதை மறந்துவிடக் கூடாது. காப்பீடு பணம் கொடுக்கத் தொடங்குவதற்கு முன் நோயாளி தாமே கட்ட வேண்டிய தொகை, அதன் பிறகும் அவர் பங்காக மிஞ்சும் விழுக்காடு, காப்பீட்டு நிறுவனத்தின் வலையமைப்புக்கு வெளியே உள்ள மருத்துவருக்கான கூடுதல் கட்டணம் ஆகியவை சேர்ந்து பல ஆயிரம் டாலரை எட்டிவிடும்.

பில் வசூலுக்குப் போவது பெரும்பாலும் நோயாளி கொடுக்க மறுத்ததால் நிகழ்வதில்லை. காப்பீட்டு நிறுவனம் தன் பங்கைக் கணக்கிட்டு நோயாளிக்கு ஒரு விளக்கத்தாள் அனுப்புகிறது. அதன் தலைப்பிலேயே 'இது பில் அல்ல' என்று அச்சிட்டிருக்கும். அதைப் படித்தவர் உண்மையான பில் பின்னால் வரும் என்று காத்திருக்கிறார். மருத்துவமனையோ தன் பில்லைப் பழைய முகவரிக்கு அனுப்பியிருக்கலாம், காப்பீட்டு எண்ணைத் தவறாகப் பதிந்திருக்கலாம், அல்லது காப்பீட்டு நிறுவனம் கேட்ட கூடுதல் ஆவணத்தை மாதக்கணக்கில் அனுப்பாமல் இருந்திருக்கலாம். மூன்று, நான்கு மாதங்களில் அந்தக் கணக்கு, யாருடைய பிழை என்று தீர்மானிக்கப்படாமலேயே, வெளியாரிடம் போய்விடுகிறது. அங்குள்ள தமிழர்களின் பேச்சில் 'கலெக்‌ஷனுக்குப் போய்விட்டது' என்று சொல்லப்படும் இந்த நிலையைக் கேட்டவுடன் தீர்ப்பு வந்துவிட்டது போல அஞ்சுகிறவர்களே மிகுதி. ஆனால் சட்டத்தின் பார்வையில் அது ஒரு கோரிக்கைதான். கோரிக்கையை நிரூபிக்கும் பொறுப்பு கோருபவரைச் சேர்ந்தது. அச்சத்தில் உடனே கட்டிவிடுவதும் அதே அச்சத்தில் கடிதத்தைப் பிரிக்காமல் மேசையில் போட்டு வைப்பதும் இந்த விஷயத்தில் ஒரே அளவு தவறானவை.

வசூல் நிறுவனங்கள் இரண்டு வகைப்படும். எந்த வகை என்பதைப் பொறுத்தே அடுத்து எடுக்க வேண்டிய நடவடிக்கை அமைகிறது. முதல் வகை நிறுவனம் மருத்துவமனையின் சார்பில் வசூலித்து, கிடைத்ததில் ஒரு பங்கைக் கழிவாக எடுத்துக்கொள்கிறது. கடனின் உரிமை மருத்துவமனையிடமே இருப்பதால், அது நினைத்தால் ஒரு தொலைபேசிப் பேச்சில் கணக்கைத் திரும்பப் பெற்றுவிடலாம். இரண்டாவது வகை நிறுவனம் கடனையே விலைக்கு வாங்கிவிடுகிறது. ஆயிரக்கணக்கான பெயர்களும் தொகைகளும் அடங்கிய பட்டியல் மொத்தமாகக் கைமாறுகிறது. அதன் விலை முகமதிப்போடு ஒப்பிட்டால் அற்பம். பல வகைக் கடன்களையும் சேர்த்து ஆராய்ந்து கூட்டாட்சி வணிக ஆணையம் 2013இல் வெளியிட்ட அறிக்கை, கடன் வாங்கும் நிறுவனங்கள் ஒரு டாலர் கடனுக்குச் சராசரியாக 4 சென்ட் கொடுத்தன என்று கண்டறிந்தது. தொலைக்காட்சி நையாண்டியாளர் ஜான் ஆலிவர் 2016இல் ஏறத்தாழ 1.5 கோடி டாலர் மதிப்புள்ள, சுமார் 9,000 பேரின் பழைய மருத்துவக் கடனைச் சுமார் 60,000 டாலருக்கு வாங்கி, அதைத் தள்ளுபடி செய்ய ஓர் அறநிறுவனத்திடம் ஒப்படைத்துக் காட்டினார். அவ்வளவு மலிவாக விற்கப்படுவதற்குக் காரணம் உண்டு: பட்டியலோடு சிகிச்சைப் பதிவோ, காப்பீட்டு நிறுவனம் எவ்வளவு கொடுத்தது என்ற கணக்கோ பெரும்பாலும் வருவதில்லை. பெயர், முகவரி, தொகை, தேதி ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் தெரியாதவரே மறுமுனையில் அதட்டிப் பேசிக்கொண்டிருக்கக் கூடும்.

இந்த அதட்டலுக்கு எல்லை வகுத்தது 1977இல் இயற்றப்பட்ட நியாயமான கடன் வசூல் நடைமுறைச் சட்டம். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 9 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது, கைது செய்யப்போவதாக மிரட்டக் கூடாது, அண்டைவீட்டாரிடமோ உறவினரிடமோ கடனைப் பற்றிப் பேசக் கூடாது என்பன போன்ற விதிகள் அதில் உள்ளன. மீறினால் உண்மையான நட்டத்தோடு 1,000 டாலர் வரை கூடுதல் இழப்பீடும் வழக்கறிஞர் கட்டணமும் பெற ஓராண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம். 2021 நவம்பர் 30 முதல் நடைமுறையிலிருக்கும் 'விதித்தொகுப்பு எஃப்' இதை இன்றைய காலத்துக்கு ஏற்ப விரித்தது: ஒரு கடனுக்காக ஏழு நாளில் ஏழு முறைக்கு மேல் அழைத்தால் அது தொல்லையாகவே கருதப்படும், கடனாளியிடம் முதலில் தகவல் சொல்லாமல் கடன் வரலாற்று அறிக்கையில் சத்தமில்லாமல் பதிவு போட்டுவிட்டு, அவர் வீட்டுக்கடன் கேட்டு வங்கிக்குப் போகும் நாளில் அகப்படட்டும் என்று காத்திருக்கும் பழைய தந்திரம் தடை செய்யப்பட்டது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: இந்தச் சட்டம் வசூலை வேலையாகச் செய்யும் வெளியாரைத்தான் கட்டுப்படுத்துகிறது, மருத்துவமனையின் சொந்த ஊழியர் தன் மருத்துவமனையின் பெயரில் பாக்கியைக் கேட்டால் இது பொருந்தாது.

மேற்சொன்ன பாதுகாப்புகளைவிடப் பயனுள்ளது, ஆனால் குறைவாகப் பயன்படுத்தப்படுவது, கடனைச் சரிபார்க்கக் கேட்கும் உரிமை. முதல் தொடர்பு நிகழ்ந்து ஐந்து நாளுக்குள் வசூல் நிறுவனம் ஓர் அறிவிப்பை அனுப்ப வேண்டும். யாருக்குக் கடன், குறிப்பிட்ட தேதியில் தொகை எவ்வளவு, அதன்பின் சேர்ந்த வட்டியும் கட்டணமும் எவ்வளவு, கழிந்தது எவ்வளவு என்ற கணக்கு அதில் இருக்க வேண்டும். அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் அந்தக் கடனை மறுத்து எழுதினால், சரிபார்ப்பு ஆவணத்தை அனுப்பும் வரை வசூல் முயற்சி முழுவதையும் நிறுவனம் நிறுத்தியாக வேண்டும். 30 நாள் எப்போது முடிகிறது என்று எண்ணிப் பார்க்கவும் தேவையில்லை. கடைசித் தேதி அறிவிப்பிலேயே அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது 2021இன் விதி, மறுப்பைக் குறியிட்டுத் திருப்பி அனுப்ப ஒரு கிழிசீட்டும் அடியில் இருக்கும். தொலைபேசியில் எவ்வளவு உரக்க மறுத்தாலும் வசூலை நிறுத்தும் கடமை எழாது. எழுத்தே அதை எழுப்புகிறது. பதிவுத் தபாலில், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டோடு அனுப்பி, ஒரு நகலை வைத்துக்கொள்வது சில டாலர் செலவில் முடிகிற காரியம். பின்னால் நீதிமன்றம் வரை போக நேர்ந்தால் அந்தச் சீட்டுதான் முதல் சாட்சி. 30 நாள் கடந்துவிட்டாலும் எல்லாம் போய்விட்டதென்று பொருளில்லை. மறுக்காமல் இருந்ததைக் கடனை ஒப்புக்கொண்டதாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது.

ஆனாலும் இந்த உரிமையைப் பற்றி இணையத்தில் உலவும் மிகையான நம்பிக்கைகளை இங்கே களைந்துவிடுவது நல்லது. சரிபார்ப்பு என்றால் ஊசிக்கு ஊசி, மாத்திரைக்கு மாத்திரை விலை எழுதிய பட்டியல் வந்துவிடும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் 'எங்கள் கணக்குப்படி இவர் இவ்வளவு தர வேண்டும்' என்று மருத்துவமனை உறுதி செய்ததை வசூல் நிறுவனம் தெரிவித்தாலே போதும் என்று நீதிமன்றங்கள் கருதியதுண்டு. மருத்துவத் தகவலை வெளியாரிடம் கொடுத்ததால் 1996ஆம் ஆண்டின் நோயாளர் தகவல் பாதுகாப்புச் சட்டம் மீறப்பட்டது, ஆகவே கடனே செல்லாது என்று கடிதம் எழுதச் சொல்லும் அறிவுரையும் சுற்றுகிறது. கட்டணம் பெறுவதற்குத் தேவையான அளவு தகவலைப் பகிர அந்தச் சட்டமே அனுமதிப்பதால் இது வெற்று வாதம். அதே சட்டத்தை வேறு விதமாகப் பயன்படுத்தினால் பலன் உண்டு: நோயாளிக்குத் தம் மருத்துவப் பதிவை மட்டுமன்றிக் கட்டணப் பதிவையும் பெறும் உரிமையை அது அளிக்கிறது, கேட்ட 30 நாளுக்குள் பொதுவாகக் கொடுத்துவிட வேண்டும். ஆகவே வசூல் நிறுவனத்துக்கு ஒரு கடிதம், விவரமான பில் கேட்டு மருத்துவமனைக்கு ஒரு கடிதம் என்று இரண்டையும் ஒரே நாளில் அனுப்புவதே விவரம் தெரிந்தவர் செய்வது. அந்த விவர பில்லில் ஒரே சோதனை இரு முறை எழுதப்பட்டிருப்பதும், செய்யாத சோதனைக்குக் கட்டணம் இருப்பதும், காப்பீட்டு நிறுவனம் ஏற்கெனவே கொடுத்த தொகை கழிக்கப்படாமல் இருப்பதும் தெரியவரும்.

இனி இந்த விஷயத்தின் மையத்துக்கு வரலாம். வசூல் நிறுவனத்தோடு பேரம் பேசுவதிலேயே பெரும்பாலோர் கருத்தைச் செலுத்துகிறார்கள். ஆனால் தீர்வு பல நேரங்களில் பில் புறப்பட்ட இடத்தில், மருத்துவமனையிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் சமுதாய மருத்துவமனைகளில் பாதிக்கும் மேலானவை இலாபநோக்கற்றவை; வருமான வரி, சொத்து வரி ஆகியவற்றிலிருந்து விலக்குப் பெறுபவை. அந்த விலக்குக்கு ஈடாக அவை என்ன செய்ய வேண்டும் என்பதை 2010ஆம் ஆண்டின் சுகாதாரச் சீர்திருத்தச் சட்டத்தின் வழியாக வரிச் சட்டத்தில் சேர்ந்த 501(ஆர்) பிரிவு வரையறுக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனையும் எழுத்து வடிவிலான நிதியுதவிக் கொள்கை ஒன்றை வைத்திருக்க வேண்டும், அதை இணையத்தில் வெளியிட வேண்டும், பில்லிலேயே அதைக் குறிப்பிட வேண்டும். உதவிக்குத் தகுதி பெற்றவரிடம், காப்பீடு உள்ளவர்களுக்குப் பொதுவாக அமையும் கட்டணத்துக்கு மேல் வாங்கக் கூடாது. யாருக்கு எவ்வளவு உதவி என்பதை மருத்துவமனையே தீர்மானிக்கிறது. கூட்டாட்சி வறுமைக்கோட்டின் இரு மடங்கு வரை வருமானம் உள்ளவர்களுக்கு முழுத் தள்ளுபடி தரும் மருத்துவமனைகள் பல. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 2025இன் வறுமைக்கோடு 32,150 டாலர் என்பதால், ஆண்டுக்கு 64,300 டாலர் சம்பாதிக்கும் குடும்பமும் அந்த வரம்புக்குள் வந்துவிடுகிறது. இவ்வளவு சம்பாதிப்பவர் தம்மை ஏழை என்று நினைப்பதில்லை, விண்ணப்பிப்பதும் இல்லை. கேட்காமல் விடுபட்டுப் போகும் உதவியில் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது.

இந்தப் பிரிவு வகுக்கும் காலக்கணக்கு வசூலுக்குப் போன கடனுக்கும் பொருந்துகிறது என்பதுதான் அதன் சிறப்பு. சிகிச்சை முடிந்தபின் அனுப்பப்பட்ட முதல் பில்லின் தேதியிலிருந்து 120 நாள் வரை, கடன் வரலாற்று அறிக்கையில் பதிவிடுதல், வழக்குத் தொடுத்தல், சம்பளத்தைப் பற்றுதல் போன்ற கடும் நடவடிக்கைகளில் மருத்துவமனை இறங்கக் கூடாது. இறங்குவதற்கு முன் 30 நாள் எழுத்து அறிவிப்பும் தர வேண்டும். நிதியுதவி விண்ணப்பத்தை ஏற்க வேண்டிய காலமோ 240 நாள். அதாவது ஐந்தாம் மாதத்தில் கணக்கு வசூல் நிறுவனத்துக்குப் போய், ஆறாம் மாதத்தில் முதல் கடிதம் வந்தாலும், விண்ணப்பிக்கக் காலம் மிச்சமிருக்கிறது. விண்ணப்பம் வந்துவிட்டால், முடிவு தெரியும் வரை அந்தக் கடும் நடவடிக்கைகளை மருத்துவமனையும் அதன் சார்பில் இயங்கும் வசூல் நிறுவனமும் நிறுத்தி வைக்க வேண்டும். தகுதி உண்டென்று முடிவானால் அதிகமாகக் கட்டிய தொகையைத் திருப்பித் தரவும், கடன் வரலாற்றுப் பதிவை நீக்கவும் மருத்துவமனை ஆவன செய்ய வேண்டும். இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. இலாப நோக்குடைய மருத்துவமனைகளை இந்தப் பிரிவு கட்டுப்படுத்தாது. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களே தம் சட்டத்தால் அந்தக் குறையை நிரப்பியிருக்கின்றன, அங்கே வறுமைக்கோட்டின் நான்கு மடங்கு வரை வருமானம் உள்ளவர்கள், காப்பீடு இல்லாதவர்களாகவோ மருத்துவச் செலவு மிகுந்தவர்களாகவோ இருந்தால், தள்ளுபடி கேட்கலாம். மற்றது, மருத்துவமனைக்குள் வேலை செய்யும் மயக்க மருந்து நிபுணர், கதிரியக்க நிபுணர் முதலியோர் தனி நிறுவனத்தைச் சேர்ந்தவர்களானால் அவர்களுடைய பில்லுக்கு மருத்துவமனையின் உதவி பொருந்தாமல் போகலாம். யாருக்கெல்லாம் பொருந்தும் என்ற பட்டியலையும் மருத்துவமனை வெளியிட்டிருக்க வேண்டும் என்பதால் அதைத் தேடிப் பார்ப்பது அவசியம்.

காப்பீட்டுப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையை மறுத்திருந்தால் 180 நாளுக்குள் அதனிடமே முறையீடு செய்யலாம். அதிலும் மறுப்பு வந்தால், மருத்துவக் காரணங்களுக்காக மறுக்கப்பட்டவற்றை வெளியாரின் மறுபரிசீலனைக்கு அனுப்ப நான்கு மாத அவகாசம் உண்டு. 2022 ஜனவரி முதல் நடைமுறையிலிருக்கும் எதிர்பாராப் பில் தடைச் சட்டம், வலையமைப்பில் உள்ள மருத்துவமனையில் வெளி மருத்துவர் பார்த்ததற்காகவும், அவசர சிகிச்சைக்காகவும் கூடுதல் பில் அனுப்புவதைத் தடுக்கிறது. காப்பீடு இல்லாதவருக்கு முன்கூட்டியே கொடுக்கப்பட்ட மதிப்பீட்டைவிட 400 டாலரோ அதற்கு மேலோ பில் அதிகமானால் 120 நாளுக்குள் தகராறுத் தீர்வு கோர வழி செய்கிறது. தரைவழி ஆம்புலன்ஸை மட்டும் சட்டம் விட்டுவிட்டது. விமான ஆம்புலன்ஸைச் சேர்த்துவிட்டு, அன்றாடம் ஓடும் வண்டியை விட்டது ஏன் என்பதற்குச் சட்டமியற்றியோர் சொன்ன சமாதானம் எதுவானாலும், பில்லைக் கட்டுபவருக்கு அது ஆறுதலாக இருக்கப்போவதில்லை.

கடன் வரலாற்று அறிக்கையைப் பற்றிய அச்சமே பலரை அவசரமாகப் பணம் கட்ட வைக்கிறது. அந்த அச்சம் ஓரளவு காலாவதியானது. அந்த அறிக்கைகளைத் தயாரிக்கும் ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்களும் 2022 ஜூலை முதல், கட்டி முடிக்கப்பட்ட மருத்துவ வசூல் பதிவுகளை நீக்கின; கட்டாதவற்றையும் ஓராண்டு கழியாமல் பதிவதில்லை என்று ஏற்றன; 2023 ஏப்ரலில், தொடக்கத் தொகை 500 டாலருக்குக் குறைவாக இருந்தவற்றையும் நீக்கின. ஒட்டுமொத்த மருத்துவக் கடனையும் அறிக்கைகளிலிருந்து அகற்றும் விதி ஒன்றை நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் 2025 ஜனவரியில் வெளியிட்டது. அதே ஆண்டு ஜூலையில் டெக்சஸ் கூட்டாட்சி நீதிமன்றம், பணியகத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று அதை ரத்து செய்துவிட்டது. இன்று மிஞ்சியிருப்பவை நிறுவனங்கள் தாமாகச் செய்த மாற்றங்களும், கொலராடோ, நியூயார்க், கலிபோர்னியா உள்ளிட்ட சில மாநிலங்களின் தடைச்சட்டங்களுமே. இங்கே ஒரு பொறி இருக்கிறது: வசூல்காரரின் தொல்லை தாளாமல் மருத்துவப் பாக்கியைக் கிரெடிட் கார்டில் கட்டிவிட்டால், அது மருத்துவக் கடன் என்ற தன்மையை இழந்து சாதாரண அட்டைக் கடனாகிவிடுகிறது, ஓராண்டு அவகாசம், 500 டாலர் வரம்பு, மருத்துவமனையின் தள்ளுபடி எல்லாம் ஒரே மூச்சில் போய், பெரும்பாலும் வட்டியே இல்லாதிருந்த கடன் வட்டிக் கடனாகிறது. மருத்துவமனை முகப்பிலேயே விற்கப்படும் மருத்துவக் கிரெடிட் கார்டுகள் இதைவிட மோசமானவை. சலுகைக் காலத்துக்குள் முழுத் தொகையும் அடைபடாவிட்டால் தொடக்க நாளிலிருந்து வட்டியைக் கணக்கிடும் நிபந்தனை அவற்றில் வழக்கமாக இருக்கிறது.

வழக்கு என்ற சொல்லுக்கு அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் அலட்சியம் காட்டக் கூடாத ஒரே இடம் அதுதான். வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவ அமைப்பு 2018 ஜூனுடன் முடிந்த ஆறு ஆண்டுகளில் தன் நோயாளிகள் மீது 36,000 முறைக்கு மேல் வழக்குத் தொடுத்ததைப் பத்திரிகையாளர்கள் 2019இல் வெளிக்கொணர்ந்தார்கள். அதன் பிறகே அந்த அமைப்பு தன் கொள்கையை மாற்றிக்கொண்டது. கடன் வழக்குகளில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல், கடன்பட்டவர் பதில் தராததால் ஒருதலைத் தீர்ப்பாக முடிகின்றன என்று பியூ அறக்கட்டளை 2020இல் எடுத்துக்காட்டியது. ஆவணமில்லாத, விலைமலிவான பட்டியல்களைக் கொண்டு வழக்காடுபவர்களுக்கு அந்த எழுபது விழுக்காடுதான் தொழிலின் அடித்தளம். எதிர்த்தரப்பு பதில் மனு தாக்கல் செய்து ஆவணம் கேட்டால் வழக்கைக் கைவிடுவோர் உண்டு. தீர்ப்பு வந்த பிறகு கூட்டாட்சிச் சட்டப்படி, வரி முதலியவை போக மிஞ்சும் சம்பளத்தில் 25 விழுக்காடு வரை பற்றலாம்; டெக்சஸ், பென்சில்வேனியா, வட கரோலைனா, தென் கரோலைனா ஆகியவை இத்தகைய கடனுக்குச் சம்பளப் பற்றைப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. கடனுக்காகச் சிறை கிடையாது; ஆயினும் தீர்ப்புக்குப் பின் சொத்து விவரம் கூற நீதிமன்றம் அழைத்தும் போகாதவர் மீது, வராத குற்றத்துக்காகப் பிடியாணை பிறக்கலாம். கன்சாஸ் மாநிலத்துக் காஃபிவில் என்ற சிற்றூரில் மருத்துவக் கடனாளிகள் இப்படிக் கைதானதை 2019இல் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் வெளிப்படுத்தியது.

வழக்குத் தொடுக்கும் காலவரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. பெரும்பாலான இடங்களில் மூன்று முதல் ஆறு ஆண்டுகள். காலவரம்பு கடந்த கடனுக்கு வழக்குப் போடவோ, போடுவதாக மிரட்டவோ வசூல் நிறுவனத்துக்கு உரிமையில்லை. ஆனால் பல மாநிலங்களில் ஒரு சிறு தொகையைக் கட்டினாலும் அந்தக் கடிகாரம் மீண்டும் முதலிலிருந்து ஓடத் தொடங்கும். 'நல்லெண்ணத்துக்காக இருபது டாலராவது கொடுங்கள்' என்று தொலைபேசியில் கனிவாகக் கேட்பவருக்கு அது தெரியாமலிருக்காது. கடன் உண்மையானது, தொகையும் சரியானது, தள்ளுபடிக்கும் வழியில்லை என்று எல்லாம் பார்த்துத் தெளிந்த பிறகு பேரம் பேசுவதில் குறையில்லை; முகமதிப்பைவிடக் குறைந்த தொகையில் முடித்துக்கொள்ள வசூல் நிறுவனங்கள் இணங்குவதுண்டு. அந்த உடன்பாடு, இந்தத் தொகையோடு கணக்கு முடிந்தது என்ற வாசகத்துடன் எழுத்தில் கைக்கு வந்த பிறகே பணம் போக வேண்டும். வங்கிக் கணக்கில் தானாகப் பற்றும் அனுமதியை எக்காரணத்துக்காகவும் கொடுக்கலாகாது.

கடனை மலிவாக வாங்கித் தள்ளுபடி செய்யும் அறநிறுவனங்கள் அண்மை ஆண்டுகளில் புகழ் பெற்றிருக்கின்றன. வசூல் தொழிலிலிருந்தே வந்த இருவர் 2014இல் தொடங்கிய ஆர்.ஐ.பி. மெடிக்கல் டெட், இப்போது அன்டியூ மெடிக்கல் டெட் என்ற பெயரில் இயங்குகிறது. இதற்குத் தனியொருவர் விண்ணப்பிக்க முடியாது. மொத்தமாக வாங்கிய பட்டியலில் பெயர் இருந்தால் ஒருநாள் திடீரென்று கடிதம் வரும், அவ்வளவே. இந்த நிறுவனத்தோடு சேர்ந்து பொருளியலாளர்கள் நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வு, சுமார் 83,000 பேருக்கு 16.9 கோடி டாலர் கடன் தள்ளுபடியானதால் அவர்களுடைய மனநலத்திலோ பணநிலையிலோ சராசரியாக எந்த முன்னேற்றமும் ஏற்படவில்லை என்று கண்டது. ஏமாற்றம் தரும் முடிவுதான், ஆனால் வியப்புக்குரியதன்று. வசூல்காரரே ஏறக்குறைய கைவிட்டுவிட்ட கடனைக் கடைசிக் கட்டத்தில் ரத்து செய்வதால், அதற்குள் ஏற்பட்டுவிட்ட சேதம் சரியாவதில்லை. வட கரோலைனா 2024இல் வேறு வழியில் சென்றது: குறைந்த வருமானத்தினருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்ட் திட்டத்தின் வழியாக மருத்துவமனைகள் கூடுதல் பணம் பெற வேண்டுமானால் பழைய கடனைத் தள்ளுபடி செய்வதோடு, இனி வருபவர்களுக்கு நிதியுதவித் தகுதி உண்டா என்று மருத்துவமனையே பார்க்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது, மாநிலத்தின் 99 மருத்துவமனைகளும் அதற்கு இணங்கின. விண்ணப்பிக்கும் சுமையை நோயாளியின் தோளிலிருந்து எடுத்துவிடும் இந்த இரண்டாவது நிபந்தனை, அறிவிக்கப்பட்ட தள்ளுபடித் தொகையைவிட மதிப்புள்ளது.

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களை இந்தச் சிக்கல் பெரும்பாலும் ஊரிலிருந்து வரும் பெற்றோர் வழியாகவே எட்டுகிறது. பேறுகாலத்துக்கு உதவ வந்த தாயாருக்கோ, கோடை விடுமுறைக்கு வந்த தந்தையாருக்கோ எடுக்கும் பயணிகள் காப்பீடு, ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று நிலையான தொகை தரும் மலிவான வகையாக இருந்தால், ஒருநாள் மருத்துவமனைப் படுக்கைக்கே அது போதாமல் போகும்; முன்பே இருந்த சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் விலக்கப்பட்டிருக்கும். பெற்றோர் ஊருக்குத் திரும்பிய பின் பில்களும் வசூல் கடிதங்களும் மகன் அல்லது மகளின் முகவரிக்கு வந்துகொண்டிருக்கும். பொறுப்பேற்பவர் என்ற இடத்தில் கையெழுத்திடாத வரை, பெற்றோரின் பில்லுக்கு வளர்ந்த பிள்ளை பொதுவாகப் பொறுப்பில்லை. ஆனால் பெற்றோரைப் பேணும் கடமையைச் சட்டமாகவே வைத்திருக்கும் மாநிலங்களும் உண்டு, பென்சில்வேனியாவில் 2012இல் ஒரு தாயின் முதியோர் பராமரிப்பு நிலையப் பாக்கியான சுமார் 93,000 டாலருக்கு மகன் பொறுப்பு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவமனையின் நிதியுதவி, குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும்தான் என்று கூட்டாட்சிச் சட்டம் சொல்லவில்லை. சுற்றுவட்டாரத்தில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கும் மருத்துவமனைகளும் உண்டு, வைக்காதவையும் உண்டு. கொள்கையைப் படிக்காமலேயே பார்வையாளருக்குக் கிடைக்காது என்று முடிவு செய்துவிடுவது நம்மவர் வழக்கம். அதற்குக் காரணம் சட்டம் அல்ல, கேட்பதற்கான கூச்சமே.

ஆகவே வசூல் நிறுவனத்தின் கடிதம் கையில் இருப்பவர்கள், அதில் அச்சிட்டிருக்கும் தொலைபேசி எண்ணை அழைக்கும் முன், மறுப்பு அனுப்பக் கடைசித் தேதி எது என்று பார்க்கட்டும். பிறகு மருத்துவமனை அனுப்பிய முதல் பில்லைத் தேடி எடுத்து, அதன் தேதியிலிருந்து 240 நாள் எண்ணட்டும். நாள் மிச்சமிருந்தால் நிதியுதவி விண்ணப்பத்தை அன்றே அனுப்பட்டும்.